2.9 ஜி.பி.ஏ.வுடன் பட்டம் பெற்ற மகளின் மருத்துவக் கனவு: ஒரு தாய்க்கு ஆலோசகரின் மடல்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். தங்கள் மடலையும் அதனுடன் வந்த மதிப்பெண் பட்டியலையும் இரண்டு முறை படித்தேன். நியூ ஜெர்சியில் உயிரியல் பட்டம், 120 கிரெடிட் (பாட அளவு), மொத்த ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.9, முதல் இரண்டு ஆண்டுகளில் வேதியியலும் இயற்பியலும் சி வரிசையில் நின்றிருக்கின்றன, இறுதியாண்டில்தான் ஏ-க்கள் வந்திருக்கின்றன. வருடம் வீணாகாமல் இந்த ஜூனிலேயே விண்ணப்பித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம் என்பதே என் பதில். காரணம் புரியாமல் காத்திருப்பது வீட்டில் எல்லோருக்கும் வேதனையாகிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாங்கள் கோவையில் பிளஸ் டூ முடித்த காலத்தில் நுழைவுத் தேர்வையும் பொதுத் தேர்வையும் கூட்டிவந்த கட்-ஆஃப் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது. அரை மார்க்கில் இடம் போனவர்களைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தில் 2.9 என்ற எண்ணைப் பார்த்ததும், கதவு மூடிவிட்டது என்றோ, எம்கேட் என்ற ஒரே மருத்துவ நுழைவுத் தேர்வில் அள்ளிவிட்டால் திறந்துவிடும் என்றோ தோன்றுவது இயல்புதான். அமெரிக்க முறை இரண்டுக்கும் இடம் தருவதில்லை. அங்கே எம்.டி. என்பதே அடிப்படை மருத்துவப் பட்டம். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில், மகள் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுத்திருந்தாலும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பதிவாகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரு தனி ஜி.பி.ஏ. கணக்கிடப்படுகிறது. அதைவிட முக்கியமாக, முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, நான்காமாண்டு, பட்டத்துக்குப் பின் படித்தவை என ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் சேர்க்கைக் குழுவின் முன் வந்து நிற்கிறது. குழுவினர் மொத்தத்தைப் பார்த்த பிறகு அந்த வரிகளை மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். தங்கள் மகளுக்கான வழி அந்த வரிகளில்தான் இருக்கிறது.

மொத்தத்தைச் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட்டுக்கு 2.9 என்ற நிலையில் மேலும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் மொத்தம் 3.12 ஆகும். 3.2 ஆக வேண்டுமென்றால் 45 கிரெடிட் வேண்டும். 3.5-ஐத் தொட 144 கிரெடிட், அதாவது இன்னொரு முழுப் பட்டத்தைவிட அதிகம். எம்.டி. கல்லூரிகளில் சேர்வோரின் சராசரி ஜி.பி.ஏ. அண்மை ஆண்டுகளில் 3.7-க்கும் மேல் இருந்துவருகிறது. எம்கேட் சராசரி 511-ஐத் தாண்டியிருக்கிறது. அந்த ஜி.பி.ஏ. சராசரியை மகள் ஒருபோதும் எட்டப்போவதில்லை. ஆனால் அதே 30 கிரெடிட், "பட்டத்துக்குப் பின்" என்ற தனி வரியில் 3.9 என்றோ 4.0 என்றோ வந்து நிற்கும்போது, இரண்டாண்டுகளுக்கு முன் தடுமாறிய மாணவி இன்று கடினமான அறிவியல் பாடங்களை இடைவிடாமல் சமாளிக்கிறார் என்று குழுவினரால் எழுத்தில் காண முடிகிறது. இறுதியாண்டு ஏ-க்கள் அதன் தொடக்கம் மட்டுமே. ஓராண்டு நல்ல மதிப்பெண்ணைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியும், மூன்றாண்டு தொடர்ச்சியை அவ்வாறு ஒதுக்குவது கடினம்.

இதைத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: முதல் இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது? தங்கள் மடலில் "விளையாட்டுத்தனம்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறீர்கள். அது முழு விடையாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் மனப்பாடம் போதுமானதாக இருந்த பிள்ளைகள் பலர் கரிம வேதியியலில் முதன்முறையாகத் திணறுகிறார்கள். சிலர் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே ஒரே பருவத்தில் மூன்று ஆய்வகப் பாடங்களை எடுத்துவிடுகிறார்கள். மனச்சோர்வையோ கவனக் குறைபாட்டையோ வீட்டில் சொல்லப் பயந்து மறைத்த மாணவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மாணவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே உடனடியாக மேல்படிப்பு வகுப்புகளுக்கு அனுப்பினேன். காரணம் அப்படியே இருந்ததால் அங்கும் அதே சி-க்கள் வந்தன, அதன் பிறகு அவனுக்கு உதவ மிகக் குறைவான வழிகளே மிஞ்சின. அந்தத் தவறை மீண்டும் செய்ய நான் தயாராக இல்லை.

காரணம் தெளிவானபின், இரண்டு பாதைகளில் மென்மையானதை முதலில் எடுக்க வேண்டும். போஸ்ட்-பேக் என்று அழைக்கப்படுவது, பட்டம் பெற்றபின் இளநிலை மட்டத்திலேயே உயர் அறிவியல் பாடங்களைப் படிப்பது. உயிர்வேதியியல், உடலியங்கியல், செல் உயிரியல், மரபியல் போன்றவற்றை நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பருவத்துக்கு இரண்டு பாடங்களாகத் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். அடிப்படை அறிவியல் பாடங்களில் சி-க்கும் கீழே உள்ளவற்றை மட்டும் மீண்டும் படிக்கட்டும். பல கல்லூரிகள் அவற்றில் சி-யாவது எதிர்பார்க்கின்றன. மீண்டும் படித்தாலும் பழைய மதிப்பெண் அழியாது, ஆம்காஸ் இரண்டையும் கணக்கில் சேர்க்கும். ஆஸ்டியோபதி வழி மருத்துவப் பட்டமான டி.ஓ.-வைத் தரும் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் பழையதை நீக்கிப் புதியதை மட்டும் எடுக்கும் சலுகை இருந்தது. அதுவும் 2017-இல் நின்றுவிட்டது. பழைய அறிவுரைகளை நம்பி எல்லாப் பாடங்களையும் திரும்பப் படிக்கும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது பாதை, சிறப்பு முதுநிலைத் திட்டம். ஜார்ஜ்டவுன், பாஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களில் உள்ள இத்தகைய படிப்புகளில் மருத்துவ முதலாண்டின் தரத்திலான பாடங்களை ஓராண்டு படிக்கலாம். அங்கே சிறப்பாகச் செய்தால் அதைவிட வலுவான சான்று இல்லை. அங்கே சறுக்கினால், மருத்துவப் படிப்பைத் தாங்க மாட்டார் என்பதற்கும் அதுவே சான்றாகிவிடும். செலவும் அதிகம், அதன் மதிப்பெண்கள் இளநிலை ஜி.பி.ஏ.வில் சேராமல் தனியாகவே நிற்கும். ஆகவே போஸ்ட்-பேக்கில் ஓராண்டு நிலைத்த பிறகே இதை யோசிப்போம்.

எம்கேட்டை இப்போதே எழுதிவைத்துவிடலாம் என்று மகள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். 472 முதல் 528 வரையிலான அந்த மதிப்பெண் பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். ஓராண்டில் 3 முறை, இரண்டு ஆண்டுகளில் 4 முறை, வாழ்நாளில் 7 முறை என வரம்பும் உண்டு. எழுதிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தெரியும். உயிர்வேதியியலும் உடலியங்கியலும் படித்து முடித்த சூட்டோடு, ஒரே முறை, நன்றாக எழுதுவதே இவருடைய நிலைக்குப் பொருந்தும். 2026 செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கினால், 2028-இன் தொடக்கத்தில் எம்கேட், மே இறுதியில் விண்ணப்பம், 2029 கோடையில் சேர்க்கை. சேரும்போது 25 வயது ஆகிவிடுமே என்று பதற வேண்டாம். அங்கே சேர்வோரின் சராசரி வயதே 24-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ நோயாளிகளோடு நேரடியாகப் பழகும் வேலை ஒன்றைப் பகுதி நேரமாகச் செய்யட்டும்.

டி.ஓ. பற்றி உறவினர்கள் ஏளனமாகப் பேசுவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர்கள் பேச்சைத் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். டி.ஓ. பட்டம் பெற்றவர் அமெரிக்காவில் முழு உரிமம் பெற்ற மருத்துவர். 2020 முதல் எம்.டி., டி.ஓ. இரு தரப்புக்கும், பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் ரெசிடென்சிப் பயிற்சி ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் நடக்கிறது. தங்கள் மாநிலத்திலேயே ரோவன்-விர்ச்சுவா டி.ஓ. கல்லூரி இருக்கிறது. தாழ்ந்து பின் எழுந்த மாணவர்களைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் டி.ஓ. கல்லூரிகளில் பொதுவாக அதிகம் என்பது என் அனுபவம். இரண்டு வகைக் கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பிப்போம்.

கரீபியன் தீவுகளின் கல்லூரி ஒன்றிலிருந்து முகவர் தொலைபேசியில் அழைத்து உடனே இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் அல்லவா? அங்கே சேர்வது எளிது, கடைசிவரை நிலைப்பதுதான் கடினம். 2024 ரெசிடென்சி ஒதுக்கீட்டில் முதலாண்டுப் பயிற்சி இடம் கிடைத்தவர்கள் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம், டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதம், வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67 சதவீதம். அந்த 67-ம் இறுதிவரை தாக்குப்பிடித்து விண்ணப்பித்தவர்களில்தான். நடுவில் விலகியவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அவர்களுடைய கடன் மட்டும் வீட்டில் நிற்கும். மற்ற எல்லா வழிகளையும் பார்த்த பிறகு வேண்டுமானால் இதைப் பேசலாம், முன்பணம் எதுவும் இப்போது கட்டிவிடாதீர்கள்.

கடன் என்றதும் இன்னொன்று. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்குக் கிராட் பிளஸ் என்ற கூட்டரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்பு நடைமுறைக்கு வருகிறது. பல கல்லூரிகளின் ஆண்டுச் செலவு இந்த வரம்பைத் தாண்டும். ஆகவே சேமிப்பைச் சிறப்பு முதுநிலைத் திட்டத்தில் கரைத்துவிடாமல், மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதல் இரண்டு பருவங்களிலும் 3.7-க்குக் கீழே வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். அப்படி நேர்ந்தால் மூன்றாவது பருவத்துக்குப் பணம் கட்டும் முன் நாம் மூவரும் உட்கார்ந்து, மருத்துவத் துறைக்குள்ளேயே இவருக்குப் பொருந்தும் வேறு பணிகளை மனம் திறந்து பரிசீலிப்போம். இதைத் தோல்வி என்று பெயரிடாமல் பேசத் தங்களால் முடிந்தால், மகள் உண்மையான மதிப்பெண்களை மறைக்காமல் நம்மிடம் சொல்வார்.

வரும் வாரம் மகளை மட்டும் ஒரு மணி நேரம் என்னோடு பேசச் சொல்லுங்கள். அந்தப் பேச்சில் தாங்கள் உடனிருக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். படித்த எல்லாக் கல்லூரிகளின் ட்ரான்ஸ்கிரிப்டுகளையும், கோடை வகுப்பு ஒன்றே ஒன்றாக இருந்தாலும், அவர் எடுத்து வரட்டும். பாதியில் கைவிட்ட பாடங்களையும் கல்லூரி ஏதேனும் எச்சரிக்கை கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதி வரட்டும். விண்ணப்பத்தில் அவற்றைத் தெரிவிக்க வேண்டியிருக்கும். செப்டம்பர் வகுப்புகளுக்கான பாடத் தேர்வை அடுத்த சந்திப்பில், தங்களையும் வைத்துக்கொண்டு முடிப்போம்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்