வாழைக்குலை ஏற்றும் வண்டிக்கு டீசலா, பெட்ரோலா?

கேள்வி: திற்பரப்புக்கு அருகில் வாழை விவசாயமும் குலை வியாபாரமும் செய்துவருகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் வெட்டும் குலைகளைத் தினமும் குலசேகரத்துக்கும், வாரத்தில் இரண்டு நாள் மார்த்தாண்டம் சந்தைக்கும் கொண்டுபோகிறேன். சில நாள் ரப்பர் ஷீட்டும் இருக்கும். திரும்பும்போது உர மூட்டைகள் வரும். ஒரு நாள் ஓட்டம் 50 கிலோமீட்டரைத் தாண்டாது. பாரம் 500 முதல் 700 கிலோ வரை. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் போகும். இதுவரை வாடகை வண்டியில் ஓட்டினேன். இப்போது சொந்தமாக வாங்கப் போகிறேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் ஏற்றும் என் அத்தான், "மலைப்பக்கத்தில் பாரம் ஏற்றுகிறவன் பெட்ரோல் வண்டி வாங்குவானா?" என்று கேலி செய்கிறார். விற்பனை நிலையத்திலோ பெட்ரோலே போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களின்படி, 700 கிலோவையொட்டிய பாரம் அனுமதிக்கப்பட்ட பெட்ரோல் வண்டியே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் முடிவு. காரணம் தெரியாமல் வாங்கினால், முதல் ஏற்றத்தில் வண்டி சற்றுத் திணறும்போதே அத்தானின் பேச்சு சரியென்று தோன்றிவிடும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பார வண்டி என்றால் டீசல்தான் என்ற எண்ணம் வெறும் பழக்கத்தால் வந்ததன்று. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவுக்கு அழுத்தி, அந்த அழுத்தத்தில் எழும் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் இந்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கையொட்டியே நிற்கும். இந்த மிகுந்த அழுத்தமும், அதோடு சேர்ந்து வரும், காற்றை எஞ்சினுக்குள் கூடுதலாகத் திணிக்கும் டர்போவும்தான், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசையை டீசலுக்குத் தருகின்றன. லிட்டருக்கு லிட்டர் பார்த்தாலும் டீசலில் அடங்கிய ஆற்றல் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல். ஆகவே மைலேஜும் கூடும்.

விற்பனையில் உள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மாருதி சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 80 குதிரைத்திறன் தருகிறது. டாட்டா இன்ட்ரா வி30-இன் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் தருவது 70 தான். ஆனால் முறுக்குவிசையில் முன்னது 104 நியூட்டன் மீட்டர், பின்னது 140. அதுவும் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்றுகளில் எட்டும் உச்சத்தை, டீசல் எஞ்சின் 1,800 சுற்றுகளிலேயே தொட்டுவிடுகிறது. ஏற்றத்தில் டீசல் வண்டி மூன்றாம் கியரில் சத்தமில்லாமல் ஏறும் இடத்தில், பெட்ரோல் வண்டிக்காரர் இரண்டாம் கியருக்கு இறங்கி எஞ்சினை உறும விட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும். வண்டி ஏறாது என்பதல்ல, ஓட்டும் முறை வேறு என்பதே பொருள். டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர் பெட்ரோல் வண்டியையும் அதே கியரில் இழுக்கப் பார்த்துவிட்டு "இதற்கு இழுவை இல்லை" என்று சொல்லிவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அடுத்தது, எல்லோரும் மறந்துவிடும் ஒரு விஷயம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிடப்பை நினைத்துப் பாருங்கள்: வடகிழக்கே மலை, தென்மேற்கே கடல். பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பரானாலும், திற்பரப்பைச் சுற்றியுள்ள தோட்டத்துக் குலையானாலும், பாரம் பெரும்பாலும் மேலிருந்து கீழேதான் வருகிறது; ஏறும்போது வண்டி காலியாகவோ, சில உர மூட்டைகளோடோ போகிறது. "மலைப்பக்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் ஏற்றத்தைத்தான் நினைக்கிறோம். உங்கள் வண்டிக்கு உண்மையான சோதனையோ இறக்கத்தில் பிரேக்குக்கு வருவது. இங்கே பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு சிறு சாதகமும் உண்டு: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்றுக் கதவு மூடி, உள்ளே வெற்றிடம் உண்டாகி எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். டீசலில் அழுத்திய காற்று மறுபடி விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடுவதால் அந்தப் பிடிப்பு குறைவு. பெரிய லாரிகளுக்குப் புகைக்குழாய் பிரேக் தனியாக வைப்பது இதனால்தான். எந்த வண்டியானாலும் குலை ஏற்றி இறங்கும்போது எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள்.

இனி, உங்கள் விஷயத்தில் என்னைப் பெட்ரோல் பக்கம் சாய்த்த முதன்மையான காரணத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில், டி.பி.எஃப். என்று மெக்கானிக்குகள் சொல்லும் கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. புகையில் வரும் கரித்துகள்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கி மறுபடி வழிவிடும். எரிப்பதற்கு 600 டிகிரியையொட்டிய வெப்பம் வேண்டும். வண்டி நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடினால் புகையின் சூடு ஓரளவு தானாகவே இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். போதாதபோது எஞ்சின் கூடுதலாகச் சிறிது டீசலைச் செலுத்திச் சூட்டை ஏற்றிக்கொள்ளும். அதற்குப் பத்திருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் தேவை.

உங்கள் காலை நேரத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் நிறுத்தி இருபது குலை ஏற்றுகிறீர்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி அடுத்த தோட்டம். பிறகு குலசேகரம் சந்திப்பின் நெரிசல். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். எரிப்பு தொடங்கிய பாதியிலேயே இப்படி நின்றுபோனால் கரி சேர்ந்துகொண்டே போகும். அதற்கென்று செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி எரியாமல் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிறகு விளக்கு எரியும், இழுவை குறையும், ஒரு கட்டத்தில் பணிமனைக்குக் கொண்டுபோய்க் கணினியை மாட்டித்தான் எரிக்க வேண்டிவரும். அப்படியும் சரியாகாமல் வடிகட்டியையே மாற்ற நேர்ந்தால் செலவு பல்லாயிரங்களில் போய் நிற்கும். குற்றம் வண்டியினுடையதன்று, அந்த எஞ்சினுக்கு ஏற்ற ஓட்டம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தானின் வண்டிக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை என்பதும் இதிலேயே விளங்கும். அவர் துறைமுகத்தில் மீனும் ஐஸுமாக நிறைய ஏற்றிக்கொண்டு, சாலை காலியாக இருக்கும் நேரத்தில் புறப்பட்டு, களியக்காவிளையைத் தாண்டி நிற்காமல் ஓடுபவராக இருந்தால், கடல்மட்டத்திலிருந்து முழுப் பாரத்தோடு ஏறவும் வேண்டும், எஞ்சின் நன்றாகச் சூடேறவும் செய்யும். அவர் டீசல் வாங்கியது சரி. அவர் என்னிடம் கேட்டிருந்தாலும் டீசலையே சொல்லியிருப்பேன்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 2012-ஆம் ஆண்டு வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. அன்று இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலையின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கணக்குக்காக இன்றைக்குப் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று முழு எண்ணில் வைத்துக்கொள்வோம். பாரத்தோடு பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டரும், டீசல் வண்டி 17 கிலோமீட்டரும் தருவதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு முறையே 7 ரூபாய் 21 காசும், 5 ரூபாய் 47 காசும் ஆகிறது. மிச்சம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 74 காசு. நாளுக்கு 50 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 15,000 கிலோமீட்டர். டீசலால் மிச்சமாவது ஏறத்தாழ 26,000 ரூபாய்.

டீசல் வண்டியின் விலை ஒன்றரை லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், அதை மீட்க ஐந்தே முக்கால் ஆண்டு ஆகும். அந்த ஒன்றரை லட்சத்தையும் கடனாக வாங்கினால், 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக்கு முதல் ஆண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ 15,000 ரூபாய். மிச்சத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. இன்ஜெக்டர், டர்போ, கரி வடிகட்டி ஆகியவற்றின் பராமரிப்பை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதே கணக்கை நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் போட்டால் மூன்று ஆண்டுக்குள் டீசல் தன் விலையை மீட்டுவிடும். விற்பனை நிலையத்தில் நீங்கள் கேட்கும் உண்மையான விலை வித்தியாசத்தையும், இப்போது ஓட்டும் வாடகை வண்டியின் மைலேஜையும் என் எண்களின் இடத்தில் போட்டு ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஓணத்துக்கு முந்தைய பாரம் மட்டுமே உங்கள் கடிதத்தில் என்னைச் சற்றுத் தயங்கவைத்தது. நம் நாட்டுச் சந்தையில் பெட்ரோல் சிறு வண்டிகள் பெரும்பாலும் முக்கால் டன் பாரத்தையொட்டி நின்றுவிடுகின்றன. ஒரு டன்னை நன்றாகத் தாண்டிவிட்டால் கிடைப்பவை பெரும்பாலும் டீசல் வண்டிகளே. ஆகவே பலருக்கு இது எரிபொருள் பற்றிய கேள்வியே அல்ல. பாரம் எவ்வளவு என்பதே முடிவு செய்துவிடுகிறது. நேந்திரன் குலைக்கு எல்லைக்கு அப்பால் விலை ஏறும் அந்த மூன்று நான்கு வாரத்துக்காக, ஆண்டு முழுவதும் பாதி காலியாக ஓடும் பெரிய வண்டியை வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அந்த வாரங்களில் வாடகைக்கு ஒரு பெரிய வண்டி பிடித்துக்கொள்ளுங்கள். சிறிய வண்டியிலேயே ஒரு டன்னைத் திணிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

பெட்ரோல் வண்டிக்கும் குறைகள் உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில், வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைக்க நேர்ந்தால் டேங்கைக் காலியாக விடாமல் நிரப்பி வையுங்கள். (டீசலிலும் தண்ணீர் சேரும், அதன் பில்டரின் அடியில் தேங்குவதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.) அதிகச் சுழற்சியில் ஓட்ட வேண்டியிருப்பதால் எஞ்சின் சத்தம் கூடுதலாகக் கேட்கும்.

சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் விற்பனை நிலையத்தில் சொல்லுவார்கள். சிலிண்டரின் எடை உங்கள் பாரத்திலிருந்துதான் கழியும். சூப்பர் கேரியில் பெட்ரோல் வண்டிக்கு 740 கிலோவாக இருக்கும் அனுமதி, சி.என்.ஜி. வண்டிக்கு 625 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. 700 கிலோ ஏற்றும் உங்களுக்கு அது போதாது.

பழைய டீசல் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், அதை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. 2020-க்கு முந்தைய பி.எஸ். 4 சிறு டீசல் வண்டிகள் பலவற்றில் இந்தக் கரி வடிகட்டி இல்லாததால் குறுகிய ஓட்டத்தையும் அவை பொறுத்துக்கொள்ளும். டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிக்குத் தடை என்று படித்துவிட்டுச் சிலர் இங்கேயும் பயப்படுகிறார்கள். அந்தத் தடை தலைநகரப் பகுதிக்கு உரியது, நமக்கன்று. ஆனால் எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதையும், கடற்கரையில் மீன் ஏற்றி ஓடிய வண்டியாக இருந்தால் சேஸிஸை உப்பு தின்றிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஓட்டிப்பார்க்கத் தரும் வண்டியைக் காலியாக நெடுஞ்சாலையில் ஓட்டுவதால் ஒன்றும் தெரியாது. உங்கள் ஊருக்கே வரவழைத்து, அனுமதித்த பாரத்துக்குள் உர மூட்டைகளை ஏற்றி, நீங்கள் வழக்கமாகப் போகும் தோட்டப் பாதையிலேயே மிகச் செங்குத்தான இடத்தில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் மறுபடி கிளப்புங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தும் கிளட்ச் கருகும் மணம் வராமல் வண்டி ஏறினால் பெட்ரோலையே வாங்குங்கள்; மணம் வந்தால் அந்தப் பாதைக்கு அந்த வண்டி போதாது, ஒரு படி மேலே உள்ள டீசல் வண்டியைப் பார்க்க வேண்டியதுதான்.