ஏற்காட்டு வீட்டுக்கு மீடியா சர்வர்: அந்த இரட்டை ஜியான் வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டு வீட்டில் ஒரே கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்கள்) போட்டு, குடும்ப வீடியோக்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வரும், நான்கு கேமராக்களின் ரெக்கார்டிங்கும் ஓட்ட நினைக்கிறேன். சேலத்தில் ஒரு வியாபாரி, "விர்ச்சுவல் மெஷின்னா சர்வர்தான் சார் தாங்கும்" என்று இரண்டு ஜியான் இ5 (இன்டெல்லின் சர்வர் வகை) ப்ராசஸர், 64 ஜிபி ரேம் உள்ள பழைய சர்வரைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

மீடியா சர்வருக்குக் கஷ்டமான வேலை ஒன்றுதான். வீடியோவின் வடிவம் பார்ப்பவரின் டிவிக்கோ போனுக்கோ ஒத்துவராதபோது, ஓட ஓட அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங். இன்டெல்லின் சாதாரண ப்ராசஸர்களில், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸோடு இதற்கென்று க்விக் சிங்க் என்ற தனிப் பகுதி வருகிறது. ஜியான் இ5 வரிசையில் அந்தக் கிராஃபிக்ஸே கிடையாது. 4கே வீடியோ ஒன்றை மாற்ற அத்தனை கோர்களும் மூச்சு வாங்கும். 64 ஜிபி ரேம் அதற்கு ஒரு உதவியும் செய்யாது. கரண்ட் பில்லையும் பாருங்கள். இப்படிப்பட்ட சர்வர் சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுத்தால் இரண்டு மாத பில்லில் 216 யூனிட். அரசு தரும் 100 இலவச யூனிட்டை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிட்டு மேலும் கேட்கும்.

உங்களுக்குப் போதுமானது, கம்பெனி ஆபீஸ்களிலிருந்து கழித்து விற்கும் ஐ5-8500 டெஸ்க்டாப். 16 ஜிபி ரேம், சிஸ்டத்துக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டு. குட்டி மாடல்களில் பெரிய டிஸ்க் இரண்டுக்கு இடம் இருக்காது, திறந்து பார்த்து வாங்குங்கள். டிஸ்க் நீங்கலாகச் சும்மா இருக்கையில் 20 வாட்டுக்குள் நிற்கும். இரண்டு மாதத்துக்கு சுமார் 29 யூனிட். எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். ஆறாம் தலைமுறை, இப்போதைய போன்கள் எடுக்கும் 10 பிட் ஹெச்இவிசி (ஒரு வீடியோ வடிவம்) வீடியோவில் திணறும்.

கடையில் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ5-9400 என்றால் கிராஃபிக்ஸ் உண்டு, 9400எஃப் என்றால் இல்லை. விலைச்சீட்டில் அந்த "எஃப்" பெரும்பாலும் இருக்காது. கம்பெனியும் ஒரே எண்ணை இரண்டுக்கும் வைத்துக் குழப்புகிறது. அங்கேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து "யுஹெச்டி 630" என்று வருகிறதா என்று பாருங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங் திரை) போங்கள்: டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்ட் கேட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். பழைய கம்பெனியின் பூட்டு அது. அதைத் திறக்காமல், விர்ச்சுவல் மெஷினுக்குத் தேவையான விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ய முடியாது. "அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்பவர் எடுத்துத் தரமாட்டார். புதிது என்று தரும் ஹார்ட் டிஸ்க்கையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். ஓடிய மணிநேரம் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புதிதில்லை. அந்த எண்ணை அழித்து விற்பவர்களும் இருக்கிறார்கள், ஆகவே ஜிஎஸ்டி பில் இல்லாமல் டிஸ்க் வாங்காதீர்கள்.

விண்டோஸ் மேல் விர்ச்சுவல்பாக்ஸ் போட வேண்டாம், அதற்குள்ளிருந்து க்விக் சிங்க் எட்டாது. விண்டோஸுக்குப் பதிலாக, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டவே உள்ள ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்கள். அது இலவசம். லாகின் செய்யும்போது "சப்ஸ்கிரிப்ஷன் இல்லை" என்று ஒரு பெட்டி வரும், ஓகே அழுத்தினால் போய்விடும். அதைக் காட்டி லைசென்ஸ் என்று தனியாகப் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கிராஃபிக்ஸை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டால் ஹோஸ்டுக்கும் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்) இல்லை, கேமராவுக்கும் இல்லை. அதனால் ஜெல்லிஃபினை மட்டும் கண்டெய்னரில் (ஹோஸ்டின் கிராஃபிக்ஸைப் பகிர்ந்துகொள்ளும் இலகுவான தனி அறை) வையுங்கள்: 2 கோர், 4 ஜிபி ரேம். ப்ராக்ஸ்மாக்ஸின் டிவைஸ் பாஸ்த்ரூவில், கிராஃபிக்ஸைக் குறிக்கும் ரெண்டர் டிவைஸை (ரெண்டர்டி128) சேர்த்து, கண்டெய்னருக்குள் இருக்கும் ரெண்டர் குழுவின் எண்ணைக் கொடுங்கள். அந்த எண் தப்பினால் வீடியோ நின்று போகும் அல்லது ப்ராசஸர் 100 சதவீதத்தில் ஓடும். ஜெல்லிஃபின் செட்டிங்கில் க்யூஎஸ்வி (க்விக் சிங்க்) தேர்ந்தெடுங்கள். ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள், எட்டாம் தலைமுறைக்கு அது வராது.

எல்லோரும் ஒரே டிவியில்தான் பார்ப்பார்கள், அந்த டிவி எல்லா வடிவத்தையும் நேராக ஓட்டும் என்றால் டிரான்ஸ்கோடிங்கே வேண்டாம், எந்தப் பழைய கம்ப்யூட்டரும் போதும். ஆனால் குடும்ப வீடியோ இந்தச் சலுகைக்குள் அடங்குவது அபூர்வம். கல்யாண டிவிடி எம்பெக்-2 வடிவம், பிரவுசரில் ஓடாது. பழைய ஹேண்டிகேம் வீடியோவில் அசையும் இடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும், அதை நீக்கித்தான் காட்ட வேண்டும். படமாகப் பதிந்த சப்டைட்டில் இருந்தால் பல ஆப்களுக்கு அதை வீடியோவோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். டிவியில் ஓடியது மலைப்பாதையில் மொபைல் டேட்டாவில் ஓடாது, தரத்தைக் குறைத்தாக வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் சலுகை போயிற்று.

கேமராவுக்குத் தனி டிஸ்க். ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் வைத்தால் நான்குக்கு நாளுக்கு சுமார் 173 ஜிபி, 4 டிபி டிஸ்க்கில் 23 நாள் நிற்கும். வீடியோக்களை விர்ச்சுவல் டிஸ்க்குக்குள் திணிக்காமல் ஹோஸ்டின் ஃபோல்டரையே கண்டெய்னருக்குக் காட்டுங்கள்.

ஏற்காட்டில் கோடை இடிக்கு யுபிஎஸ் மட்டும் போதாது. வெளிக் கேமராவின் லேன் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும், ஆகவே எர்த்திங்கைச் சரிபார்த்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் புரொடக்டர் போடுங்கள். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை ஹோஸ்டில் செருகி நட் மென்பொருளை அமைத்தால், பேட்டரி தீரும் முன் தானாக ஒழுங்காக அணையும்.

சேலத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் ரவுட்டரின் வேன் முகவரியை (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த எண்) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான ஏதோ ஒன்றில் தொடங்கினால், பல வீடுகளுக்கும் ஒரே பொது முகவரி. வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. இணைப்பு விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை, கேட்டால் ஸ்டேடிக் ஐபிக்கு (உங்களுக்கென்று மாறாத பொது முகவரி) தனிக் கட்டணம் என்கிறார்கள். உங்கள் கருவிகளை இணையம் வழியே தனியாக இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளைப் போட்டால் அந்தக் கட்டணம் இல்லாமலே வேலை முடியும்.