பணியாளர் சம்பளமும் சலுகைகளும் நிறுவனத்தின் இலக்கோடு ஒத்துப்போகும்படி எப்படி வடிவமைப்பது?

கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விளக்கத்தில் "விற்பனைக் குழுவுக்கு டார்கெட் வைத்துவிட்டோம், அடுத்து என்ன?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி என்னை உட்கார வைத்துவிட்டது.

உங்களுடையது அநேகமாக ஐம்பதிலிருந்து நூறு பேர் வேலை பார்க்கும் இடம். முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் யார் ஓடி ஓடி உழைப்பார்கள்? ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்லியிருப்பார். ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

நாங்கள் விற்றது பொட்டலம் கட்டும் இயந்திரங்கள். இயந்திரத்தில் லாபம் குறைவு. வருடாவருடம் புதுப்பிக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்தில்தான் பிழைப்பு ஓடியது. அதனால் முதலாளி சொன்ன இலக்கு ஒன்றே ஒன்று: வாங்கியவர் நம்மை விட்டுப் போகக்கூடாது. இதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து நான் எழுதிய திட்டம் இது. ஆர்டர் தொகையில் கமிஷன். டார்கெட்டில் 80 சதவீதத்துக்குக் கீழே பைசா கிடையாது. 80ஐத் தொட்டால் கமிஷன் ஆரம்பம், 120ஐத் தாண்டினால் இரட்டிப்பு. ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

திட்டம் தோற்கவில்லை. எழுதியது எழுதியபடியே நடந்தது. முதல் காலாண்டில் 76 சதவீதத்தில் நின்ற ஒருவர், கடைசி வாரத்தில் 18 சதவீதத் தள்ளுபடி கொடுத்து ஒரு ஆர்டரைப் பிடித்து 80ஐத் தாண்டினார். அவருக்குக் கிடைத்த கமிஷனைவிட அந்தத் தள்ளுபடியில் கம்பெனி இழந்தது அதிகம். இன்னொருவருக்கு இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது, 80 எட்டாது என்று. கையில் இருந்த இரண்டு ஆர்டர்களையும் அடுத்த காலாண்டுக்குப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டார். அவர்கள்மேல் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று புரிந்தது.

உண்மையான அடி சர்வீஸ் பக்கம் விழுந்தது. அவர்கள் என் திட்டத்திலேயே இல்லை. வாடிக்கையாளரைத் தக்கவைப்பது யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு மாதச் சம்பளம் மட்டும். ஒருநாள் சீனியர் இன்ஜினியர் ஒருவர் போன் செய்தார். "சார், மெஷினை இறக்கிவிட்டு நிற்கிறேன். இங்கே த்ரீ ஃபேஸ் லைனே இல்லை. யார் வந்து பார்த்துவிட்டு ஆர்டர் எடுத்தார்கள்?" யாரும் பார்க்கவில்லை. காலாண்டின் கடைசி நாள் சாயங்காலம் எடுத்த ஆர்டர் அது.

ஆறு மாதத்தில் அவர் ராஜினாமா கொடுத்தார். சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றேன். "அதற்காகப் போகவில்லை சார். விற்றவருக்குக் கமிஷன், திட்டு எனக்கு. இதை மாற்ற முடியுமா?" என்றார். அந்த மாதத்தில் என்னால் முடியவில்லை. அவர் போன பிறகுதான் அவருடைய சம்பளத்தை, அவர் கிரேடுக்கு வைத்திருந்த சம்பள வரம்பின் நடுப்புள்ளியால் வகுத்துப் பார்த்தேன். 1 என்று வந்தால் அந்த வேலைக்கு நாமே நிர்ணயித்த நடுச் சம்பளம். அவருக்கு வந்தது 0.86. ஆக, காசும் ஒரு காரணம்தான், அவர் பெருந்தன்மையாகச் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்த நான்கு வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

இப்போது சிலர் வருவார்கள், "ஊக்கத்தொகையே கூடாது என்கிறீர்களா?" என்று. இல்லை. அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றித்தரும் சேஃப்லைட் நிறுவனம் 1990களின் நடுவில் மணிக்கணக்குக் கூலியை விட்டுவிட்டு, மாட்டிய கண்ணாடிக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியது. பொருளாதார அறிஞர் எட்வர்ட் லேசியர் அதை ஆராய்ந்தார். ஒருவர் செய்யும் வேலை 44 சதவீதம் கூடியிருந்தது. அதில் பாதிதான் இருந்தவர்கள் கூடுதலாக உழைத்தது. மீதியில் பெரும்பகுதி, வேகமானவர்கள் வந்து சேர்ந்ததும் தங்கியதும். அங்கே ஒரு ஆள், ஒரு கண்ணாடி, யார் வேலை என்று பளிச்சென்று தெரியும். சரியாக மாட்டாமல் உடைந்தால், மாட்டியவரே தன் நேரத்தில் வந்து மறுபடி மாட்ட வேண்டும். என் திட்டத்தில் உடைத்தவர் ஒருவர், ஒட்டப் போனவர் இன்னொருவர்.

"சின்னக் கம்பெனியில் அப்படித்தான் இருக்கும்" என்பவர்களுக்கு: 2016இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் போட்டார்கள். ஒரே வாடிக்கையாளரிடம் கூடுதல் கணக்குகளை விற்கச் சொல்லி வைத்த டார்கெட், ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறப்பதில் போய் முடிந்தது. ஏறக்குறைய 5,300 பேர் வேலை இழந்தார்கள். அங்கே என்னைவிடப் படித்தவர்கள்தானே உட்கார்ந்து திட்டம் போட்டிருப்பார்கள்.

மாற்றி எழுத ஒரு வருடம் பிடித்தது. 80, 120 என்ற படிகளை எடுத்தோம். முதல் ஆர்டரிலிருந்தே ஒரே விகிதத்தில் கமிஷன், அதுவும் விற்ற தொகையில் அல்ல, தள்ளுபடி போக மிஞ்சும் லாபத்தில். கமிஷனில் பாதி, வாடிக்கையாளரிடம் பணம் வசூலானதும்; மீதி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும். சர்வீஸ் ஆட்களுக்குக் குழுவாக ஒரு போனஸ், ஒப்பந்தப் புதுப்பிப்பைப் பொறுத்து. முடித்துவைத்த புகார்களின் எண்ணிக்கைக்குக் காசு தரலாம் என்று ஒருவர் சொன்னார். நல்லவேளை, தரவில்லை. ஒரே புகாரை மூன்றாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். புது முறையிலும் சண்டை உண்டு. வாடிக்கையாளர் பணம் தர இழுத்தடித்தால் விற்றவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

சலுகைகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நாங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டினோம், ஒன்பது பேர் போனார்கள். சர்வீஸ் ஆட்கள் கைக்காசு போட்டு ஊர் ஊராகப் போய்விட்டு, பயணச் செலவு திரும்பி வர 45 நாள் காத்திருந்தார்கள். அதை ஒரு வாரமாகக் குறைத்தோம். அதற்குக் கிடைத்த நன்றி வேறெதற்கும் கிடைக்கவில்லை. ஃபோர்டு 1914இல் நாள் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் ஆக்கியதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முந்தைய வருடம் அங்கே ஆட்கள் மாறிய விகிதம் 370 சதவீதம் என்பதை விட்டுவிடுவார்கள். அவருடைய வலி அது, அதற்குத்தான் மருந்து போட்டார். உங்கள் வலி வேறாக இருக்கலாம்.

அதனால் உங்கள் டார்கெட் தாளை முதலில் விற்பனைக் குழுவின் பெரிய கில்லாடியிடம் கொடுத்து, "குறைந்த வேலையில் இதில் அதிகம் சம்பாதிக்க என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அப்புறம் அதே தாளைச் சர்வீஸ் ஆட்களிடம் காட்டுங்கள். வாயைத் திறக்காவிட்டாலும் முகம் சொல்லிவிடும்.

கேட்காத விஷயம் ஒன்று, மன்னிக்கவும். அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு பதவிக்கும் கிரேடு போட்டவன் நான். வாட்ச்மேனிலிருந்து பொது மேலாளர் வரை. ஹெச்.ஆர். பதவிக்கு மட்டும் போடவில்லை, எனக்கு நானே போட்டுக்கொள்வது முறையில்லை என்று நினைத்தேன். வேறு யாருக்கும் அது தோன்றவே இல்லை. மூன்று வருடம் கழித்துப் புதிதாக வந்த நிதி மேலாளர் தற்செயலாக அதற்கும் ஒரு கிரேடு வைத்து, என் சம்பளத்துக்கு அதே கணக்கைப் போட்டுக் காட்டினார். 0.79.