அட்டை தொலைந்தாலும் ஓட்டு உண்டு

திருப்பூரில் வேலை, ஊர் பாபநாசம் பக்கம், ஊராட்சித் தலைவர் இடைத்தேர்தலுக்கு வர வேண்டும், வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அட்டையைவிடப் பட்டியலில் பெயர் இருப்பதுதான் முக்கியம். பஸ் ஏறுமுன் ஊராட்சி அலுவலகத்துக்கு யாரையாவது அனுப்பி, பெயர் எந்த வார்டில், எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ இருந்தால் போதும். பூத் சிலிப்பை மட்டும் நம்பி வராதீர்கள்.

அப்புறம், இது மிஷின் இல்லை, வாக்குச்சீட்டு. தலைவர் பதவிக்கு வழக்கமாக இளஞ்சிவப்பு. கட்சிச் சின்னம் எதுவும் இருக்காது. பூட்டும் சாவியும், ஆட்டோ என்று சுயேச்சைச் சின்னங்கள்தான், முன்பே பார்த்து வையுங்கள். முத்திரையை ஒரே சின்னத்தின் மேல் குத்தி, மை காய ஊதிவிட்டு, முதலில் நீளவாக்கில் மடியுங்கள். அவசரத்தில் குறுக்கே மடித்தால் மை அடுத்த சின்னத்தில் ஒட்டும். எங்கள் பெரியப்பா அப்படி மடித்துவிட்டு, எண்ணி முடிக்கும்வரை புலம்பிக்கொண்டே இருந்தார்!

திருப்பூரிலேயே நிரந்தரமாகத் தங்குவதாக இருந்தால், தேர்தல் முடிந்ததும் படிவம் 8 கொடுத்துப் பெயரை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பெயர் இருக்கக் கூடாது.