எம்.எல்.ஏ. கோர்ட்டில் வழக்குப் போட முடியுமா?

நெல்லை குறுக்குத்துறை பக்கம் ஆற்றில் சாக்கடை கலப்பதை எதிர்த்து எம்.எல்.ஏ.வே வழக்குப் போடலாமா, பதவி அதற்குத் தடையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். ஆனால் எம்.எல்.ஏ. என்பதால் அல்ல, குடிமகன் என்பதால். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தளர்த்திவிட்டது. நல்லெண்ணத்தோடு வரும் யாரும் பொதுநல வழக்கு தொடரலாம். அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு (அரசுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட நெல்லைக்காரர்கள் சென்னைவரை அலைய வேண்டாம். 2004 முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

சிக்கல் சட்டசபைக்குள் நடப்பதில்தான். நடைமுறை சரியில்லை என்று மட்டும் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனால் 212-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். ஆனால் உறுப்பினரின் உரிமையே பறிபோகும் நிலை என்றால் கதை வேறு. 2017-இல் சபைக்குள் குட்கா பாக்கெட்டுகளைக் காட்டிய தி.மு.க. உறுப்பினர்களுக்கு உரிமை மீறல் நோட்டீஸ் வந்தது. அவர்கள் வழக்குப் போட, 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அமெரிக்காவில் இது இன்னும் இறுக்கம். அதிபருக்குக் கூடுதல் வீட்டோ (நிராகரிக்கும்) அதிகாரம் தந்த சட்டத்தை எதிர்த்த ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, சொந்தப் பாதிப்பு இல்லை என்று 1997-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கதவை அடைத்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுப் படிக்கட்டின் கடைசிக் கல்லில் கறுப்பாகப் படியும் சகதியைத் தேதியோடு படம் எடுங்கள். முதலில் அதிகாரிகளுக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 'அவர்களிடம் கேட்டீர்களா?' என்பதுதான் நீதிபதியின் முதல் கேள்வியாக இருக்கும். அப்புறம், எம்.எல்.ஏ. வரும்வரை காத்திருக்க வேண்டாம்; அதே மனுவை நீங்களே போடலாம்.