பதில்: அடுக்ககத்தில் 10 சார்ஜர், மீதமுள்ள லோடு 30 கிலோவாட்

பத்து வீட்டார் மின்சார கார் வாங்குகிறார்கள், லோடு போதாதென்று சங்கம் தயங்குகிறது, இலவசமாக சார்ஜர் போட்டுத்தர ஒரு நிறுவனம் 10 ஆண்டு தனியுரிமை (வேறு நிறுவனம் அங்கே சார்ஜர் போடக்கூடாது என்ற உரிமை) கேட்கிறது, கையெழுத்திடலாமா என்கிறீர்கள். இப்போதைய வடிவில் வேண்டாம்.

லோடு பயம் தேவையற்றது. பத்து 7.4 கிலோவாட் சார்ஜர்களும் முழுவேகத்தில் ஓடினால் 74 ஆகும், உண்மைதான். ஆனால் லோடு மேனேஜ்மென்ட் (இருக்கும் மின்சாரத்தைச் சார்ஜர்களுக்குள் தானே பங்கிடும் ஏற்பாடு) இருந்தால், மீதமுள்ள 30-ல் 25 கிலோவாட்டைப் பங்கிட்டு இரவு 10 மணி நேரத்தில் 250 யூனிட் ஏற்றலாம். காருக்கு 25 யூனிட், ஏறக்குறைய 150 கி.மீ. ஓட்டம். தினசரிக்கு இது தாராளம். ஒரு காருக்குக் குறைந்தது 6 ஆம்பியர், அதாவது 1.4 கிலோவாட் வேண்டும், பத்துக்கும் 14தான். கரண்ட் அளக்கும் சி.டி.யை மெயின் லைனில் மாட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் லிஃப்ட், மோட்டார் ஓடும்போது சார்ஜர்கள் தானே இறங்கிவரும். சிங்கிள் ஃபேஸ் சார்ஜர்களை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போடாவிட்டால் ஒரு ஃபேஸில் மட்டும் சுமை கூடி டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம்; 6 மில்லிஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டறியும் வசதியும் இருக்கட்டும். டி.சி. கசிந்தால் சாதாரண ஆர்.சி.டி. செயலிழந்துவிடக்கூடும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். கேபிளும் பைப்பும் சங்கத்துக்கே சொந்தம் என்று எழுதி வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சார்ஜர் ஓ.சி.பி.பி. நெறிமுறையில் (எந்த நிறுவனத்தின் சர்வரோடும் சார்ஜர் பேச உதவும் பொதுவான முறை) இயங்க வேண்டும், வேறு சர்வருக்கு மாற்றும் உரிமையும் உங்களுக்கு வேண்டும். தனியுரிமையை 3 ஆண்டாகக் குறைத்து, பழுதை எத்தனை நாளில் சரிசெய்வார்கள், தவறினால் என்ன அபராதம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இலவசத் திட்டங்கள் பெரும்பாலும் பராமரிப்பில்தான் சறுக்குகின்றன.