தம்பி, முதலில் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கடிதம் எடும்

வட்டக்கச்சித் தம்பி கேட்டிருப்பது இதுதான்: செப்டெம்பரில் லண்டனுக்குப் படிக்க வருகிறாராம், சிறுபான்மை மாணவர்களுக்கு மென்டரிங் (மூத்த மாணவர் வழிகாட்டுவது), உளவளத்துணை (கவுன்சிலிங்) என்று பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறதாம். பதிந்தால் மனநோய் என்று எழுதி விசாவில் கை வைப்பார்களா, வலக்கையில் ஷெல் துண்டு இருப்பதைச் சொல்லலாமா, வாடகை எவ்வளவு, வேலை செய்யலாமா.

வாடகையை மச்சான்மாரிடம் கேளும். வேலை, பட்டப்படிப்பென்றால் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், தாண்டாதேயும்.

விசாக் கதையை உமக்குச் சொன்னது இங்கே இருக்கிற எங்கட ஆக்கள்தானே? இவ்வளவு காலம் இருந்தும் டொக்டரிடம் மனம் விட்டுக் கதைக்கத் தெரியாத சனம், பிள்ளைகளையும் போக விடாது. உளவளத்துணையாளரிடம் சொல்வது நீர் படிக்கும் துறைக்கும் போகாது, வீட்டுக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து, சட்டக் கட்டாயம் என்றால்தான் வேறு ஆளுக்குச் சொல்லுவார்கள். விசாவைக் கெடுப்பது வகுப்புக்குப் போகாமல் அறைக்குள் கிடப்பதுதான். உமக்கு ஸ்பொன்சர் பல்கலைக்கழகம், ஆளைக் காணவில்லையென்றால் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டியது அவர்கள் கடமை.

கையைப் பற்றிக் கட்டாயம் சொல்லும். மாற்றுத்திறனாளி மாணவருக்கு அரசு கொடுக்கும் பணம் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது, ஆனால் 2010 சமத்துவச் சட்டம் உமக்கும் பொருந்தும், சோதனையில் கூடுதல் நேரம் கேட்கலாம். அதற்கு மருத்துவக் கடிதம் வேண்டும், ஆங்கிலத்தில். பிளேன் ஏறுவதற்கு முதல் எடுத்துவிடும், இங்கிருந்துகொண்டு எடுப்பிப்பது பெரிய அலைச்சல்.

நான் வந்தது, போர் முடிந்ததும் எங்கட சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்த அடுத்த வருடம். நவம்பர் 5ஆம் திகதி இங்கே ஊர் முழுக்க வாணம் விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முதல் வெடிக்கே கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன், பிறகு கிழமைக்கணக்காக நித்திரை இல்லை. தமிழ் மாணவர் சங்கத்துக்குப் போனால் "யாழ்ப்பாணத்தில் எவ்விடம்?" என்பார்கள், வன்னியில் விசுவமடு என்றதும் கதை நின்றுவிடும். பொங்கலுக்கு மட்டும் கூப்பிடுவார்கள், வரிசையாகக் கதிரை அடுக்க. எனக்கு மென்டராக வந்தவர் சோமாலியாவிலிருந்து சின்ன வயதில் வந்த ஒரு கடைசி வருடப் பெடியன். எங்கட கம்பஸில் மாணவரே மாணவருக்குச் சொல்லித் தரும் குப்பி வகுப்பு மாதிரித்தான், பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தார்: படிப்பிக்கிற சேரைப் பெயர் சொல்லி எப்படி மெயில் எழுதுவது, சுகமில்லையென்றால் சோதனைக்கு முதலே எந்தப் படிவம் நிரப்புவது. பெறுபேறு வந்தபிறகு அழுதால் கேட்க ஆளில்லை. வெடிச்சத்தத்தைப் பற்றி அவருக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை.

ஒன்று, சில மென்டரிங் திட்டங்கள் உள்நாட்டு மாணவருக்கு மட்டும், மெயிலை வடிவாக வாசியும். நவம்பரில் உளவளத்துணைக்கு வரிசை நீண்டுவிடும், வந்த கிழமையே பதியும்.